துரைக்கு ஒரு துணை

போன சனிக்கிழமை, செல்லப்பிராணிகள் விற்கும் கடையொன்றில், பத்துப் பேர் பார்க்க என் மகளைச் சத்தம் போட்டுவிட்டேன். அவளுக்குப் பத்து வயது. அவளிடம் ஏற்கெனவே ஓர் ஆமை இருக்கிறது. அது முதலில் என்னுடையதாக இருந்தது. ஆமைகளுக்கு ஆயுள் அதிகம் என்பதால் இப்போது அவளுடையதாகிவிட்டது. அதற்குத் துணையாக இன்னொன்று வாங்கவேண்டும் என்று ஈஸ்டர் விடுமுறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பார்ப்போம், யோசிப்போம் என்று நானும் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் போனதுகூட வாங்குவதற்கு அல்ல, சும்மா பார்ப்பதற்கு.

கண்ணாடித் தொட்டி ஒன்றுக்குள் இரண்டு ஆமைகள் இருந்தன. ஒன்று மற்றதன் ஓட்டின் மேல் முன்னங்கால்களைப் போட்டுக்கொண்டு நின்றது. கீழே இருந்தது தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு மூலையில் கிடந்தது.

"அம்மா, லுக்! ஹக் பண்ணுது," என்றாள் மகள்.

"அது ஹக் இல்லை!" என்று நான் கத்தியது, அந்தப் பக்கம் முயல் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது. அதற்குப் பிறகும் என்னென்னவோ சொன்னேன். பிறகு அங்கே அடுக்கியிருந்த வைக்கோல் பொதி ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டேன். கடையில் வேலை செய்த பெண் கடதாசிக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கும்போது மகள், "வேண்டாம் எண்டால் வேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாம்தானே, அம்மா," என்றாள். அவள் சொன்னது சரி.

ஏழு நாள், ஒரு கிழமை ஆகிவிட்டது. அவளுக்கு ஒரு காரணம் சொல்லவேண்டும். சொல்வதற்கு முன் எனக்கே அது ஒழுங்காக நினைவிருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நாங்கள் லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் இருந்தோம். பக்கத்து வீட்டில் தனியாக இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் தன் மகளோடு போய் இருக்கப் புறப்பட்டபோது, அவருடைய ஆமையை வேலிக்கு மேலால் அப்பாவின் கையில் கொடுத்துவிட்டார். அப்பாவுக்கு அப்போது ஆங்கிலத்தில் எல்லாம் சொல்லத் தெரியும், மறுத்துச் சொல்ல மட்டும் தெரியாது. தாங்க் யூ, தாங்க் யூ என்று வாங்கிக்கொண்டு திரும்பினால், அம்மா அடுப்படிக் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"உந்த ஆமையை வீட்டுக்குள்ளை கொண்டு வரப்படாது. சொல்லிப்போட்டன்."

ஆமை வீட்டுக்குள் நுழைந்தால் அந்த வீட்டுக்கு ஆகாது என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. கடல் கடந்து, இரண்டு நாடுகளில் காத்திருந்து, குளிர் தேசத்தில் வந்து இறங்கியபோது வழியில் எத்தனையோ நம்பிக்கைகள் கழன்று விழுந்தன. இது விழவில்லை. கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஆமை பின்வளவுத் தோட்டத்தில் இருக்கலாம், வாசற்படியைத் தாண்டக்கூடாது. அப்பா பழைய கட்டில் பலகைகளைக் கழற்றி ஒரு பட்டி அடித்தார். இரவில் அது தோட்டக் கொட்டிலுக்குள், வைக்கோல் போட்ட பெட்டியில் படுக்கும். ஒருவரையும் திரும்பிப் பாராமல், கண்ணில் படுவதெல்லாம் தன்னுடைய சொத்து என்பதுபோல அது நடந்த நடையைப் பார்த்து, அப்பா அதற்குத் துரை என்று பெயர் வைத்தார்.

எங்கள் பின்கதவு கீழிருந்து மேல்வரை கண்ணாடி. பட்டியிலிருந்து வெளியே விட்டால் துரை நேராக அந்தக் கதவுக்கு வரும். கண்ணாடியில் முட்டும். டக். கொஞ்சம் பின்னால் போகும், திரும்பி வந்து மறுபடியும் டக். மழை வந்து நாங்கள் தூக்கிக்கொண்டு போகும்வரை இது நடக்கும். துரை ஏன் முட்டுகிறது என்பதில் எங்கள் வீட்டில் மூன்று கட்சிகள் இருந்தன. வீட்டுக்குள் வரப் பார்க்கிறது என்றார் அம்மா. ஒவ்வொரு டக்குக்கும் அவருக்கு நெஞ்சு பதறியது. பசிக்கிறது என்றார் அப்பா. அவர் பார்வையில் உலகத்தில் உள்ள எல்லாக் குழப்பத்துக்கும் காரணம் பசிதான். நான் கதவடியில் படுத்து, துரையின் உயரத்திலிருந்து பார்த்தேன். கண்ணாடிக்குள் இன்னொரு ஆமை தெரிந்தது. எனக்கு விளங்கிவிட்டது. துரை தனியாக இருக்கிறது. கண்ணாடிக்குள் இருக்கும் ஆமையோடு சேரத் தவிக்கிறது.

அன்றிலிருந்து இரண்டாவது ஆமைக்காக என் பிரசாரம் தொடங்கியது. சாப்பாட்டு மேசையில், பள்ளிக்கூடம் போகும் வழியில், அப்பா ஷிப்ட் முடித்துவந்து காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றும் நேரத்தில் எல்லாம் துரையின் தனிமையைப் பற்றிப் பேசினேன். அம்மா காது கொடுக்கவில்லை. ஒன்றையே சமாளிக்க ஏலாமல் இருக்கு, இன்னொன்றோ என்றார். அப்பா யோசித்தார். யோசிப்பது அவருடைய பலவீனம். அந்த வருடம் அவருக்குப் புதிதாக ஒரு கந்தோர் வேலை, மேசையில் இருந்து எழுதும் வேலை, கிடைத்திருந்தது. சரிவருகிறாரா என்று பார்க்க, ஆறு மாதத்துக்கு ப்ரொபேஷன் என்று வைத்திருந்தார்கள். அதுவரை பெற்றோல் நிலையத்தில் நின்ற மனிதருக்கு அந்தச் சொல் ஒரு பட்டம் போலப் பிடித்துப்போய்விட்டது. எதையும் முதலில் ப்ரொபேஷனில் வைத்துப் பார்க்கவேண்டும் என்பார். புது அரிசி மாவைக்கூட.

பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடிய முதல் சனிக்கிழமை, கிங்ஸ்பரியிலிருந்து சின்னம்மா வந்தார். அம்மாவின் ஒரே தங்கை. ஒரு கையில் சூட்கேஸ், மற்றக் கையில் ஓட்டை போட்ட சப்பாத்துப் பெட்டி. பெட்டிக்குள் அவருடைய ஆமை இருந்தது. ராசா என்று கூப்பிடுவார். எங்கள் துரையைவிடக் கொஞ்சம் சிறியது. ஓட்டில் மஞ்சளும் கறுப்பும் கட்டம் கட்டமாகத் தெளிவாக இருக்கும். சின்னம்மா இரண்டு கிழமை நிற்பார், விடுமுறைக்கு வந்திருக்கிறார் என்று எனக்குச் சொல்லப்பட்டது. விடுமுறைக்கு வருபவர் குளிர்காலக் கோட்டையும் ஏன் கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை. என் கண் பெட்டியில் இருந்தது.

அப்பாவுக்கும் அந்தப் பெட்டியைக் கண்டதும் வழி தெரிந்துவிட்டது.

"ரெண்டு கிழமைக்கு ரெண்டையும் ஒரே பட்டியிலை விடுவம். ப்ரொபேஷன். சண்டை இல்லையெண்டால் துரைக்கு ஒண்டு வாங்குவம். சண்டையெண்டால் இந்தக் கதையோடை ஒருத்தரும் என்னட்டை வரப்படாது."

ஒரு கடதாசியில் பதினான்கு கட்டங்கள் கீறி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். ஒவ்வொரு நாளும் பின்னேரம் நான் பார்த்துவந்து அறிக்கை தரவேண்டும். சமாதானம் என்றால் பச்சைப் பேனையால் சரி. சண்டை என்றால் சிவப்பால் பிழை. நீதிபதியும் நானே, வழக்குப் போட்டவளும் நானே என்பதை ஏனோ ஒருவரும் யோசிக்கவில்லை.

சின்னம்மா என் அறையில் படுத்தார். அவரோடு இருப்பது எனக்குப் பிடிக்கும். பெரியவர்களில் ஆமையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடியவர் அவர் ஒருவர்தான். புல்லுக்குள் தானாக முளைக்கும் டான்டிலயன் களையின் இலைதான் ராசாவுக்குச் சோறு, வெள்ளரிக்காய் கறி மாதிரி, தக்காளி பலகாரம் மாதிரி, எப்போதாவது கொடுக்கலாம் என்று சொல்லித் தந்தார். சனிக்கிழமைதோறும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளிப்பாட்டவேண்டும் என்றும் சொன்னார். வெயில் எரித்த நாட்களிலும் முழுக்கைச் சட்டையோடுதான் இருந்தார். பாத்திரம் கழுவும்போதுகூடக் கையை மடித்துவிடமாட்டார். கைநுனி நனைந்து தொங்கும்.

ராசாவை எங்கே வாங்கினீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"உன்ரை சித்தப்பா வாங்கித் தந்தவர். எங்களுக்குள்ளை ஏதும் பிரச்சினை வந்தால் அடுத்த நாள் அவர் ஏதாவது வாங்கிக்கொண்டு வருவார். உந்தச் சங்கிலி அப்பிடித்தான் வந்தது. டிவியும் அப்பிடித்தான்."

இதைச் சொல்லிச் சிரித்தார். நல்ல ஏற்பாடாக இருக்கிறதே என்று நான் நினைத்தேன். எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் சண்டை பிடித்தால் யாருக்கும் ஒன்றும் கிடைப்பதில்லை.

முதல் மூன்று நாட்களும் நான் போட்ட பச்சைச் சரிகள் உண்மையானவை. துரையும் ராசாவும் பட்டியின் இரண்டு மூலைகளில் இருந்தன. ஒன்றையொன்று பார்க்கவில்லை. அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன். நாலாம் நாள் துரை ராசாவைச் சுற்றிச் சுற்றி நடந்தது. பிறகு ஓட்டோடு ஓடு மோதியது. கேரம் பலகையில் காய்கள் மோதும் சத்தம். ராசா தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. விளையாட்டு என்று முடிவு செய்து, சரி போட்டேன்.

ஐந்தாம் நாள் ராசாவின் வலது முன்னங்காலில் இரத்தம் இருந்தது. செதில்கள் இரண்டு கிழிந்து தொங்கின. துரையின் வாய் ஓரத்திலும் சிவப்பாக இருந்தது. உள்ளே ஓடிப்போய் ஒருவரிடமும் சொல்லவில்லை; ஓடிப்போய் அடுப்படியிலிருந்து மஞ்சள் தூளை எடுத்து வந்தேன். எனக்கு முழங்கால் உரஞ்சினால் அம்மா அதைத்தான் வைப்பார். குழைத்து அப்பினேன். மஞ்சள் நிறம் தெரியாமல் இருக்க மேலே மண்ணைப் பூசினேன். பின்னேரம் அப்பா கேட்டார்.

"என்ன மாதிரி நிலைமை?"

"சமாதானம்," என்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இதுவே வேலையாகிவிட்டது. காலையில் எழுந்ததும் மற்றவர்களுக்கு முன்னால் பட்டிக்கு ஓடுவேன். மஞ்சள், மண். ராசா சாப்பிடுவதை நிறுத்தியது; அதன் பங்கு இலைகளைப் பொறுக்கி வேலிக்குப் பின்னால் எறிந்தேன். ஒன்பதாம் நாள் மத்தியானம் ராசா மல்லாந்து கிடந்தது. நல்ல வெயில். நாலு கால்களும் காற்றில் மெதுவாக அசைந்தன. துரை பக்கத்தில் நின்று டான்டிலயன் தின்றது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்ததென்று எனக்குத் தெரியாது. தூக்கி நிமிர்த்தியபோது என் கைமேல் மூத்திரம் போனது. ஓடு சுட்டது. இப்போதும் அந்தச் சூடு என் கைக்குத் தெரியும்.

அன்றைக்கும் சரி போட்டேன்.

வீட்டுக்குள்ளும் அந்த நாட்களில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. கிங்ஸ்பரியிலிருந்து சித்தப்பாவின் தொலைபேசி வரும். அப்பா பேசுவார், பிறகு அம்மா பேசுவார், சின்னம்மா தலையாட்டி மறுப்பார். சின்னம்மாவின் கல்யாணம் அம்மா பார்த்துச் செய்துவைத்தது. மாப்பிள்ளை ஜெர்மனியில் இருந்து வந்தவர், சொந்தமாக வான் வைத்திருக்கிறார், கடைகளுக்குச் சாமான் போடுகிறார் என்று அம்மாதான் விசாரித்துப் பேசி முடித்தார். ஒரு பின்னேரம் நான் குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நின்று பச்சைப் பேனையின் மூடியைத் தேடிக்கொண்டிருக்க, அம்மா வெங்காயம் அரிந்தபடி சொன்னார்:

"அவருக்குக் கோவம் கூடத்தான், இல்லையெண்டேல்லை. ஆனா மனுசன் குடிக்கிறேல்லை, சிகரெட் இல்லை. பழகப் பழகச் சரிவரும். நீயும் கொஞ்சம் வாய் காட்டாமல் இரு."

"நாலு வருசமாப் பழகுறன் அக்கா," என்றார் சின்னம்மா.

அப்பா, பேச்சை மாற்றுவதற்காக என்று நினைக்கிறேன், சின்னம்மாவுக்குக் கட்டங்களைக் காட்டினார். "இஞ்சை பாரும் பிள்ளை. பத்து நாள். ஒரு சண்டை இல்லை. ஆமையளே சமாளிக்குதுகள்."

எல்லோரும் சிரித்தார்கள். சின்னம்மாவும் சிரித்தார். நான் மூடியைக் கண்டுபிடித்து, பேனையைப் பூட்டி வைத்தேன்.

பதினான்காம் நாள் சனிக்கிழமை. சித்தப்பா வானில் வந்தார். ஒரு பெட்டி மாம்பழம், அம்மாவுக்கு ஒரு சேலை, எனக்குப் பெரிய சொக்லேட். எனக்குச் சித்தப்பாவைப் பிடிக்கும். பகிடி விடுவார், தலைக்கு மேலே தூக்கிச் சுற்றுவார்.

"எங்கை என்ரை மகள்? ஆமை வாங்கப் போவமோ?" என்று வாசலிலிருந்தே கேட்டார். "உன்ரை அப்பாவை நம்பினால் இன்னும் ரெண்டு கிழமை பாப்பம் எண்டுவர். இந்த முறை சித்தப்பா வாங்கித் தாறன். முதல்லை கடைக்குப் போறம், உன்னைத் திருப்பிக் கொண்டுவந்து விடுறன், பிறகு நாங்கள் வீட்டை போறம்."

முடிவாகிவிட்டது. பதின்மூன்று பச்சைச் சரிகள் இருந்தன. பதினான்காவதை அப்பாவே போட்டார். சின்னம்மாவின் சூட்கேஸ் முன்கதவடியில் தயாராக நின்றது. அம்மா கேசரி கிண்டினார். பெரியவர்கள் முன்னறையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சின்னம்மா மட்டும் எழும்பி, "ராசாவைக் குளிப்பாட்டிப்போட்டு வாறன், இண்டைக்குச் சனிக்கிழமை," என்றார்.

அதற்கு முந்தின சனிக்கிழமை நான் குளிப்பாட்டுகிறேன் என்று முந்திக்கொண்டு, நனைக்காமலே நனைத்ததாகச் சொல்லியிருந்தேன். இந்த முறையும் பின்னால் ஓடினேன். "சின்னம்மா, நீங்கள் இருங்கோ, நான் செய்யிறன்."

"நீ ஆமை வாங்கப் போற பிள்ளை. ஊத்தையாகாமல் நில்," என்று சிரித்தபடி, பாத்திரம் கழுவும் பிளாஸ்டிக் பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்துவந்து புல்லில் வைத்து, ராசாவை அதற்குள் விட்டார். மண் கரைந்தது. பிறகு தண்ணீர் மஞ்சளாகத் தொடங்கியது.

"என்னடி, ராசா பெரியபிள்ளையாகியிட்டாரோ? மஞ்சள் தண்ணி வார்த்து விட்டிருக்கிறாய்?"

நான் சிரிக்கவில்லை. சின்னம்மா காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். பிறகு மற்றக் காலையும். அதிலும் காயம் இருந்தது. அது எனக்கே தெரியாது. பட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். துரை பலகையில் ஏறப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உனக்கு எப்ப தொடக்கம் தெரியும்?"

"ஐஞ்சாம் நாளிலை இருந்து."

"பிறகேன் சரி போட்டனி?"

"சண்டையெண்டு சொன்னால் வாங்கித் தரமாட்டினம்." அது போதாது என்று எனக்கே தெரிந்தது. இன்னும் நல்ல காரணம் ஒன்றைத் தேடினேன். பெரியவர்கள் சொல்லக் கேட்டது கைவசம் இருந்தது. "பழகப் பழகச் சரிவரும்தானே, சின்னம்மா. அம்மாவும் சொன்னவ. ராசாவும் கொஞ்சம் வாய் காட்டாமல் இருந்தால்..."

சின்னம்மா என்னைப் பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. முதல்முறையாகச் சட்டைக் கைகளை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டார், ராசாவைத் துவாயால் ஒற்றி எடுத்தார். அவர் முன்கையில் மஞ்சளாக, விரல் விரலாக, நாலைந்து கறைகள் இருந்தன. ஒன்றிரண்டு ஓரத்தில் நீலமாக இருந்தன.

"சின்னம்மா, கையிலை மஞ்சள் பிரண்டிட்டுது," என்றேன். "கழுவினால் போயிடும்."

"ஓம்," என்றார்.

ராசாவைத் துவாயோடு இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, பின்கதவைக் காலால் தள்ளித் திறந்து உள்ளே போனார். அடுப்படியில் கேசரிச் சட்டியோடு நின்ற அம்மா, "எடியே, ஆமை! ஆமை!" என்று கத்தினார். சின்னம்மா நிற்கவில்லை. அடுப்படியைத் தாண்டி, முன்னறைக் கம்பளத்தின் நடுவில் போய் நின்றார். அம்மா சட்டியோடு பின்னால் ஓடிவந்தார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, இந்தக் காலைப் பாருங்கோ."

"முதல்லை அதை வெளியிலை கொண்டுபோ."

"ரெண்டு கிழமையா ஒவ்வொரு நாளும் சரி போட்டு ஒட்டியிருக்கிறியள். ஒருத்தராவது தூக்கிப் பாத்தனீங்களோ?"

அம்மா பார்த்தார். ராசாவின் காலைப் பார்த்தாரா, மடித்துவிட்டிருந்த கையைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. சட்டியை மேசையில் வைத்தார். சித்தப்பா சிரித்தார். "ஒரு ஆமைக்காகவோ இவ்வளவு? வழியிலை டொக்டரிட்டைக் காட்டுவம். வா, ஏறு." எழும்பி, சின்னம்மாவின் முழங்கைக்குக் கை நீட்டினார். சின்னம்மா ஓர் அடி பின்னே வைத்தார். ஓர் அடிதான்.

"நான் வரேல்லை," என்றார். "உங்களோடையும் வரேல்லை. இஞ்சையும் நிக்கேல்லை."

வீட்டுக்குள் போடும் செருப்போடு முன்கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தார். கொஞ்சநேரம் கழித்து அப்பா சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். நான் மாடி யன்னலுக்கு ஓடினேன். பஸ் தரிப்பிடத்தில் சின்னம்மா துவாயை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். அப்பா அவருக்குப் பக்கத்தில் சூட்கேஸை வைத்துவிட்டு ஏதோ பேசினார். பஸ் வந்ததும் பெட்டியை அவரே தூக்கி ஏற்றிவிட்டார்.

சின்னம்மா டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக்கடைக்கு மேலே அறை எடுத்து, அந்தக் கடையின் குசினியிலேயே வேலை செய்தார். இரண்டு வருடம் எங்களோடு பேச்சில்லை. அதற்குள் லண்டன் முழுக்க எங்கள் சனத்துக்குள் கதை பரவிவிட்டது: ஆமைக்காகப் புருஷனை விட்டுவிட்டுப் போனவள். கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் அந்தக் கதையைத்தான் நம்பினேன். அதில் மற்றவர்களுக்குத் தெரியாத ஒரு பகுதி எனக்குத் தெரிந்திருந்தது: ஆமையைக் கடிக்க விட்டவள் நான். சித்தப்பா தன்னை அடித்து வந்தார் என்பதை எனக்குப் பதினேழு வயதானபோது சின்னம்மாவே, பஸ்ஸுக்குக் காத்து நிற்கையில், மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். ராசாவின் கால்கள் ஆறிவிட்டன. தழும்பு இருக்கிறது. இன்றைக்கும் சின்னம்மாவோடு, தனியாக, நன்றாகத் தின்றுகொண்டு இருக்கிறது.

இரண்டாவது ஆமையைப் பற்றி அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் பேசவில்லை. அப்பா கட்டங்கள் போட்ட கடதாசியைக் கழற்றினார். அடுத்த கிழமை பின்கதவின் கீழ்ப்பாதிக் கண்ணாடியில் பழைய பேப்பரை ஒட்டினார். யாரோ கந்தோரில் சொல்லிக்கொடுத்தார்களாம். அன்றோடு துரை முட்டுவதை நிறுத்திவிட்டது. கண்ணாடிக்குள் இருந்தவனோடு அது சேரத் தவிக்கவில்லை. தன் வளவுக்குள் புகுந்தவனை விரட்டப் பார்த்திருக்கிறது. எங்கள் மூன்று கட்சிகளில் ஒன்றுகூடச் சரியில்லை.

பள்ளிக்கூடம் திறந்து சில நாட்கள் போனபிறகு, சின்னம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ராசாவைக் கடிக்க விட்டது நான்தான், மன்னிக்கவேண்டும், திரும்பிச் சித்தப்பா வீட்டுக்குப் போங்கள் என்று தமிழும் ஆங்கிலமும் கலந்து ஒன்றரைப் பக்கம். விலாசம் தெரியாததால் அம்மாவிடம் கொண்டுபோனேன். அம்மா தலையணை உறைகளுக்கு ஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தார். வாங்கி வாசித்தார். இரண்டாவது பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஒன்றும் இல்லை. பிறகு அதை நாலாக மடித்துத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

"அனுப்புவீங்களோ?"

அம்மா ஏற்கெனவே தேய்த்து வைத்த உறை ஒன்றை எடுத்து மறுபடியும் விரித்தார்.

"அம்மா, சின்னம்மாவுக்கு என்னிலை கோவமோ?"

"உன்னிலை இல்லை," என்றார்.

குனிந்தபடிதான் சொன்னார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது. என்னில் இல்லையென்றால் போதும் என்று வளவுக்குள் விளையாட ஓடிவிட்டேன். அப்படியென்றால் யாரில் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.